மிட்-ரேஞ்ச் ஷாட்டை யார் எடுக்கிறார், எப்போது எடுக்கிறார்

2021 ஜூன் 19 அன்று, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் பிளேஆஃப் (சாம்பியன் பட்டத்துக்கான இறுதிக்கட்ட) தொடர் ஒன்றில், புரூக்ளினில் நடந்த ஏழாவது, அதாவது முடிவுசெய்யும் ஆட்டத்தின் கடைசி நொடிகளில், மில்வாக்கி பக்ஸ் அணி 109-107 என்று முன்னிலையில் இருந்தது. பி.ஜே. டக்கர் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்த நிலையில், கெவின் டுராண்ட் உடலைத் திருப்பி எழும்பி, நெடுந்தொலைவிலிருந்து பந்தை எறிந்தார். பந்து வளையத்துக்குள் விழுந்தபோது கடிகாரத்தில் 1 நொடிதான் எஞ்சியிருந்தது. மூன்று புள்ளி என்று கொண்டால் புரூக்ளின் நெட்ஸ் அந்தத் தொடரை அப்போதே வென்றதற்குச் சமம். ஆனால் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தால்தான் மூன்று புள்ளி; அவருடைய ஷூவின் முனை அந்த மூன்று புள்ளிக் கோட்டின் மேல் பட்டிருந்தது. ஆகவே இரண்டு புள்ளி மட்டுமே கிடைத்தது. 109-109 என்று சமன் ஆகி, கூடுதல் நேரத்தில் பக்ஸ் 115-111 என்று வென்று, அந்த ஆண்டின் சாம்பியன் பட்டத்தையும் எடுத்துச் சென்றது. அன்று 48 புள்ளிகள் எடுத்த டுராண்டை நான் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். ஆயினும் என்பிஏ ஆட்டத்தில் தூரத்துக்கும் புள்ளிக்கும் உள்ள உறவை அந்த ஷூ முனையைப் போல் தெளிவாகக் காட்டும் இன்னொரு நிகழ்வு என் நினைவில் இல்லை. சில அங்குலங்கள் முன்னே நின்றாலும் பின்னே நின்றாலும் ஷாட்டின் கடினம் ஏறத்தாழ ஒன்றுதான். பலன் மட்டும் ஒன்றரை மடங்கு வேறுபடுகிறது.

இந்தக் கணக்கைத்தான் கடந்த பதினைந்து ஆண்டுகளாக எல்லா அணிகளும் போட்டுக்கொண்டிருக்கின்றன. மூன்று புள்ளி ஷாட்டில் ஓர் அணி 36 சதவீதம் வெற்றி பெற்றால், ஒரு முயற்சிக்குச் சராசரியாக 1.08 புள்ளி கிடைக்கிறது. கோட்டுக்கு உட்புறம், ஆனால் வளையத்துக்கு அருகில் அல்லாத இடைத்தூரத்திலிருந்து (இதுதான் மிட்-ரேஞ்ச்) 42 சதவீதம் வெற்றி பெற்றாலும் கிடைப்பது 0.84 புள்ளிதான். மூன்று புள்ளி ஷாட்டில் மூன்றில் ஒன்று விழுந்தால் போதும், இரண்டு புள்ளி ஷாட்டில் பாதி விழுந்ததற்கு அது ஈடாகிவிடும். வளையத்தை ஒட்டி எடுக்கும் லே-அப்பும் டங்கும் இவ்விரண்டையும்விட லாபமானவை. ஆக, ஒன்று வளையத்துக்கு அருகே போக வேண்டும், இல்லையென்றால் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். இடையில் இருக்கும் நிலம் வீண் என்ற முடிவுக்கு வருவது மிக எளிது. அந்தக் கணக்கில் பிழை இல்லை. அந்தச் சராசரி யாருடைய சராசரி என்று கேட்காமல் விடுவதில்தான் பிழை இருக்கிறது என்பது என் கருத்து.

இந்தக் கோடு ஆட்டத்துக்குள் வந்து வெகுகாலம் ஆகிவிடவில்லை. 1961-இல் தொடங்கிச் சீக்கிரமே மறைந்த அமெரிக்கன் பாஸ்கெட்பால் லீக் அதை முயன்று பார்த்தது; பிறகு 1967-இல் தொடங்கிய, என்பிஏவுக்குப் போட்டி லீக்கான ஏபிஏ அதைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. என்பிஏ 1979-80 சீசனில்தான் அதை ஏற்றது. 1979 அக்டோபர் 12 அன்று பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் கிறிஸ் ஃபோர்டு எடுத்ததே என்பிஏவின் முதல் மூன்று புள்ளி ஷாட் என்று பதிவாகியுள்ளது. அந்த சீசனில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 2.8 முறைதான் வெளியிலிருந்து முயன்றது. 2024-25 சீசனில் அதே சராசரி 37-ஐத் தாண்டியது. விதி வந்த பிறகு அதன் பொருள் பயிற்சியாளர்களுக்கு முழுவதுமாகப் புரிவதற்கு ஒரு தலைமுறைக்கு மேல் பிடித்திருக்கிறது.

புரிதலின் உச்சத்தைத் தொட்ட அணி, டேரில் மோரி நிர்வகித்து மைக் டி'ஆன்டோனி பயிற்சியளித்த ஹூஸ்டன் ராக்கெட்ஸ். 2017-18 சீசனில் அந்த அணி இரண்டு புள்ளி முயற்சிகளைவிட மூன்று புள்ளி முயற்சிகளை அதிகமாக எடுத்தது. என்பிஏ வரலாற்றில் அதற்கு முன் எந்த அணியும் அப்படி ஆடியதில்லை. 65 ஆட்டங்களை வென்றது. பிறகு 2018 மே 28 அன்று, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு எதிரான மேற்கு மாநாட்டு இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், தொடர்ச்சியாக 27 மூன்று புள்ளி ஷாட்டுகளைத் தவறவிட்டது. மொத்தம் 44 முயற்சிகளில் 7 மட்டுமே விழுந்தன. சூதாட்டம் தோற்றது என்று இதைச் சொல்பவர்களுடன் நான் உடன்படவில்லை. அந்த ஷாட்டுகளில் பல நல்ல ஷாட்டுகள்தான். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. அந்த ஆட்டத்திலும் அதற்கு முந்தைய ஆட்டத்திலும் கிறிஸ் பால் தொடைத்தசைக் காயத்தால் வெளியே உட்கார்ந்திருந்தார். கோட்டுக்கு உள்ளே, வளையத்துக்கு வெளியே, நெருக்கடியிலும் அமைதியாகப் புள்ளி எடுக்கத் தெரிந்த ஒரே ஆட்டக்காரர் அந்த அணியில் அவர்தான். அவர் இருந்திருந்தால் ஹூஸ்டன் வென்றிருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 27 முயற்சிகள் அடுத்தடுத்து வீணாகும்போது நடுவில் வேறு வகையில் நான்கு புள்ளிகள், ஆறு புள்ளிகள் எடுத்து ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தும் ஆள் ஒருவர் வேண்டும். எதிரணியில் அந்த வேலைக்கு, அப்போது வாரியர்ஸுக்கு ஆடிய டுராண்ட் இருந்தார்.

கிறிஸ் பால் அந்த ஷாட்டை எப்படி உருவாக்கினார் என்பதை நெருங்கிப் பார்த்தால்தான் அதன் மதிப்பு விளங்கும். உயரமான சக ஆட்டக்காரர் ஒருவர் வந்து ஸ்க்ரீன் போடுகிறார், அதாவது தடுப்பாட்டக்காரரின் வழியை மறித்து நிற்கிறார். கிறிஸ் பாலைக் காக்கும் தடுப்பாட்டக்காரர், வெளியிலிருந்து மூன்று புள்ளி எடுக்க விடக்கூடாது என்பதால், ஸ்க்ரீனின் மேற்புறமாகச் சுற்றிக்கொண்டு துரத்தி வருகிறார். எதிரணியின் உயரமானவரோ, வளையத்துக்கு அருகே யாரையும் விடக்கூடாது என்பதால், பின்வாங்கி, வளையத்துக்கு முன்னுள்ள பெயிண்ட் பகுதியிலேயே நிற்கிறார். இதைத்தான் டிராப் என்கிறார்கள். இந்த நேரத்தில் பால் வேகத்தைக் குறைக்கிறார். துரத்தி வருபவரைத் தன் முதுகுப் பக்கமே வைத்துக்கொண்டு, அவர் முன்னால் வர முயலும்போதெல்லாம் தன் இடுப்பாலும் தோளாலும் வழியை மறித்துக்கொண்டு, ஃப்ரீ த்ரோ கோட்டின் வலது மூலையை நோக்கி, ஆட்டக்காரர்கள் எல்போ என்று சொல்லும் இடத்தை நோக்கி, இரண்டு மூன்று துள்ளல்களில் வந்து சேர்கிறார். எதிரே நிற்கும் உயரமானவர் இப்போது இரண்டு மனதாக இருக்கிறார்: தான் முன்னே வந்தால் பால் தன் தலைக்கு மேலே பந்தைத் தூக்கி வளையத்துக்கு ஓடுபவரிடம் கொடுத்துவிடுவார், நின்ற இடத்திலேயே நின்றால் எழும்பி எறிந்துவிடுவார். அவர் முடிவெடுப்பதற்குள் பந்து கையை விட்டுப் போய்விடுகிறது. இதில் அவசரம் எங்கும் இல்லை. ஆட்டத்தின் மிக அழகான காட்சிகளில் ஒன்றாக நான் இதைத்தான் சொல்வேன்.

இந்த ஷாட் கிடைப்பதற்குக் காரணம் தடுப்பாட்டம் அதை வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பதுதான். பொதுவான ஆட்டக்காரர் அங்கிருந்து எறிந்தால் ஒரு முயற்சிக்கு 0.8 புள்ளி அளவிலேயே கிடைக்கும் என்று தடுப்பாட்டம் கணக்கிடுகிறது. அந்தப் பேரம் அதற்கு லாபம். ஆனால் எறிபவர் 50 சதவீதத்தை ஒட்டி விழச் செய்பவராக இருந்தால், ஒரு முயற்சிக்கு 1 புள்ளி வந்துவிடுகிறது. எதிரணி நன்றாக அமைந்து நிற்கும்போது அரைத்திடலில் ஆடும் அணிகள் பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியே புள்ளி எடுக்கின்றன. அப்படியானால் எதிரணி விட்டுக்கொடுத்த இடத்திலேயே இழப்பில்லாமல் ஆட முடிகிறது, அதுவும் பந்தைப் பறிகொடுக்கும் அபாயம் மிகக் குறைவாக. இதைச் செய்யக்கூடியவர்கள் ஒரு காலகட்டத்தில் பத்துப் பேருக்கு மேல் இருப்பதில்லை. டுராண்ட், டெமார் டெரோசன், காவை லெனார்ட், டெவின் புக்கர், ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். லீக் முழுவதன் சராசரியை இவர்கள் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. அதேபோல் இவர்களுடைய திறமையைக் காட்டி, மற்ற எல்லோரும் அங்கிருந்து எறியலாம் என்று வாதாடுவதும் நியாயமில்லை.

எல்லா இடைத்தூர ஷாட்டுகளையும் நான் ஆதரிக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கோட்டுக்கு ஓரடி உட்புறம் நின்று, ஓர் அணி எறிய வேண்டிய நேர வரம்பைக் காட்டும் ஷாட் கடிகாரத்தில் இன்னும் பதினைந்து நொடிகள் இருக்கும்போதே அவசரப்பட்டு எறியும் நீண்ட இரண்டு புள்ளி ஷாட் மோசமான ஷாட். ஒருகாலத்தில் எல்லா அணிகளிலும் மலிந்து கிடந்த அது இன்று ஏறத்தாழ ஒழிந்துவிட்டதில் எனக்கு மகிழ்ச்சியே.

எறியும் முறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வளையத்தின் விட்டம் 18 அங்குலம். பந்தின் விட்டம் ஏறத்தாழ 9.4 அங்குலம். நேர் மேலிருந்து விழும் பந்துக்கு ஏறத்தாழ இரு மடங்கு அளவு வாய் திறந்திருக்கிறது. 45 பாகைக் கோணத்தில் வரும் பந்துக்கு அதே வளையம் 12.7 அங்குல அகலமுள்ளதாகத்தான் கிடைக்கிறது. 30 பாகையில் தட்டையாக வரும் பந்துக்கு 9 அங்குலம்தான். விளிம்பில் படாமல் அது உள்ளே போகவே முடியாது. வெளித்தூரத்திலிருந்து எறிபவர் கால் பலத்தைக் கொண்டு பந்தை உயர்த்தி அனுப்புவதற்கு இதுவே காரணம். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் கால்கள் களைத்தபோது மூன்று புள்ளி ஷாட்டுகள் வளையத்தின் முன்விளிம்பில் இடித்து விழுவதும் இதனால்தான். 15 அடியிலிருந்து எறிபவருக்குக் கால் பலம் அவ்வளவு தேவைப்படுவதில்லை. ஆனால் அவருக்கு வேறு தொல்லை: கை எட்டும் தூரத்திலேயே தடுப்பாட்டக்காரர் நிற்பார். ஆகவே அவர் எறியும் இடத்தை உயரத்தாலோ, சாய்வாலோ, நேரத்தாலோ உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஏழடி உயரமுள்ள டர்க் நோவிட்ஸ்கி ஒற்றைக் காலை ஊன்றி, மறு முழங்காலை உயர்த்தி, பின்னோக்கிச் சாய்ந்து எறிந்தபோது அந்த முழங்காலே தடுப்பாட்டக்காரரைத் தள்ளி நிறுத்தும் வேலியாக இருந்தது. 2011-இல் டாலஸ் மேவரிக்ஸ் மயாமியை வீழ்த்திப் பட்டம் வென்றதில் அந்த ஷாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. டிம் டங்கன் வளையத்துக்குப் பின்னுள்ள பலகையின் சதுரத்தில் பந்தை மோதவிட்டு உள்ளே தள்ளும் வழியைத் தேர்ந்தெடுத்தார். பலகையைப் பயன்படுத்தும் அந்தக் கலை இன்று அருகிவிட்டது எனக்கு வருத்தம்தான்.

வெளித்தூரத்தில் ஸ்டீபன் கறி செய்ததைப் பற்றி எழுதாமல் இந்தப் பதிவு நிறைவு பெறாது. 2014-15 சீசனில் 286 மூன்று புள்ளி ஷாட்டுகளை எடுத்து அவரே ஒரு சாதனையை வைத்தார். அடுத்த சீசனில் அதை 402-ஆக்கினார். 286-இலிருந்து 402 என்பது சாதனையை முறியடிப்பது அல்ல, அளவுகோலையே மாற்றுவது. அதையும் 45 சதவீத வெற்றியுடன் செய்தார். இந்த எண்களைவிட முக்கியமானது, பந்து அவர் கையில் இல்லாதபோதும் நடந்த மாற்றம். வளையத்திலிருந்து 28 அடி தள்ளி அவர் நின்றாலும் ஒருவர் அவரை ஒட்டியே நிற்க வேண்டியிருந்தது, சில வேளைகளில் இருவர். மீதமிருந்த நால்வருக்குத் திடல் அகன்றுவிட்டது. மற்ற அணிகள் கற்ற பாடம் இதுதான். முதல் எட்டு சீசன்களில் மொத்தமாக 3 மூன்று புள்ளி ஷாட்டுகள் மட்டுமே எடுத்திருந்த ஏழடி உயர புரூக் லோபஸ், 2016-17 என்ற ஒரே சீசனில் 134 எடுத்தார். எட்டு ஆண்டுகள் வளையத்துக்குக் கீழேயே வாழ்ந்த ஒருவர் ஒரே கோடைக்காலத்தில் தன் தொழிலை மாற்றிக்கொண்டதை நான் பெரிதும் மதிக்கிறேன். அவரைக் காக்க வேண்டிய உயரமான தடுப்பாட்டக்காரரும் கோட்டுக்கு வெளியே வர வேண்டியிருந்ததால், பெயிண்ட் பகுதி காலியானது.

இங்கேதான் மிட்-ரேஞ்சுக்கும் வெளித்தூரத்துக்கும் உள்ள உறவு தலைகீழாகிறது. ஐவரும் வெளியிலிருந்து எறியக்கூடியவர்களாக நிற்கும்போது, எல்போவில் பந்துடன் நிற்பவருக்கு உதவித் தடுப்பாட்டம் வந்து சேர்வதற்கு அதிகத் தூரம் ஓட வேண்டியிருக்கிறது. 1990-களில் மைக்கேல் ஜோர்டான் அதே இடத்தில் சுழன்று எழும்பியபோது அவரைச் சுற்றிப் பத்தடிக்குள் அரை டஜன் பேர் இருந்தார்கள். கில்ஜஸ்-அலெக்சாண்டருக்கு அந்த நெரிசல் இல்லை. அவர் வளையத்தை நோக்கிப் பாய்வது போல் தோளை இறக்கி, சட்டென்று நின்று, தடுப்பாட்டக்காரர் இன்னும் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே 12 அடியிலிருந்து மெல்ல எறிந்துவிடுகிறார். 2024-25 சீசனில் ஆட்டத்துக்கு 32.7 புள்ளி எடுத்து லீக்கில் முதலிடம் பிடித்து, சீசனின் சிறந்த ஆட்டக்காரராகவும் பிறகு இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானார். ஓக்லஹோமா சிட்டி தண்டர் பட்டம் வென்றது. மூன்று புள்ளி முயற்சிகள் உச்சத்தைத் தொட்ட அதே ஆண்டில் லீக்கை ஆண்டவர், இடைத்தூரத்தைத் தன் வீடாக வைத்திருப்பவர். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

பிளேஆஃப் ஆட்டங்களின் கடைசி நொடிகளில் இன்னொரு கணக்கும் நுழைகிறது. அதைப் பற்றிப் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் ஆதங்கம். ஆட்டம் சமனில் இருந்தால், அல்லது ஒரு புள்ளிதான் பின்தங்கியிருந்தால், மூன்று புள்ளியின் கூடுதல் மதிப்பு அப்படியே மறைந்துவிடுகிறது. ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றாலும் வெற்றிதான். அப்போது எந்த ஷாட் அதிகமாக விழுமோ அதுதான் நல்ல ஷாட். 1998 ஜூன் 14 அன்று யூட்டாவில் 86-85 என்று சிகாகோ புல்ஸ் பின்தங்கியிருந்தபோது, பிரையன் ரசல் நிலைதடுமாற, 5.2 நொடி மீதமிருக்க, ஜோர்டான் எடுத்தது இரண்டு புள்ளி ஷாட். அதற்கு முந்தைய ஆண்டு இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம் 86-86 என்றிருந்தபோது, ஜோர்டானை நோக்கி இரண்டாவது ஆளாக ஜான் ஸ்டாக்டன் நகர, காலியாக நின்ற ஸ்டீவ் கெர் ஏறத்தாழ 17 அடியிலிருந்து எறிந்து முடித்தார். மூன்று புள்ளி வெற்றி விகிதத்தில் என்பிஏ வரலாற்றிலேயே முதலிடத்தில் இருப்பவர் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய ஷாட்டைக் கோட்டுக்கு உள்ளே நின்று எடுத்தார். 2019 பிளேஆஃப் தொடர் ஒன்றின் 90-90 என்றிருந்த ஏழாவது ஆட்டத்தில், ஜோயல் எம்பீடின் நீட்டிய கைக்கு மேலே லெனார்ட் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்ததும் இரண்டு புள்ளி ஷாட்டே. 2025 ஜூன் 5 அன்று இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், 0.3 நொடி மீதமிருக்க இந்தியானா பேசர்ஸின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் எறிந்து 111-110 என்று வென்ற ஷாட், நான் மேலே மோசமானது என்று சொன்ன அதே வகை நீண்ட இரண்டு புள்ளி ஷாட். ஆனால் அவருடைய அணிக்கு அப்போது ஒரு புள்ளிதான் குறைவாக இருந்தது. ஆகவே அந்த நொடியில் அதைக் குறை சொல்ல இடமே இல்லை.

மூன்று புள்ளி பின்தங்கியிருந்தால் நிலைமை நேர்மாறு. 2013 ஜூன் 18 அன்று சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 95-92 என்று முன்னிலையில் இருந்தபோது, தவறிய ஷாட்டிலிருந்து கிறிஸ் பாஷ் பிடித்த பந்தை (ரீபவுண்ட்) வாங்கிய மயாமியின் ரே ஆலன், கீழே பார்க்காமலே பின்னோக்கிக் கால்வைத்து வலது மூலைக்குப் போய், கோட்டுக்கு வெளியே இரு கால்களையும் ஊன்றி எறிந்தார். மூலையில் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் பக்கக் கோட்டுக்கும் இடையே இருப்பது 3 அடி மட்டுமே. முன்னே ஓர் அங்குலம் தவறினால் தோல்வி. பின்னே தவறினால் பந்து வெளியே. பின்னோக்கி ஓடி அதே மூலையில் கால் பதிக்கும் பயிற்சியை அவர் பல ஆண்டுகள் செய்து வந்தவர். மயாமி அந்த ஆட்டத்தையும் அடுத்த ஆட்டத்தையும் வென்று பட்டம் பெற்றது.

மூலையைப் பற்றிப் பேச்சு வந்ததால் இப்போது அடிக்கடி காதில் விழும் ஒரு யோசனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று புள்ளி ஷாட்டுகள் அளவுக்கு மீறிவிட்டன, ஆகவே கோட்டை இன்னும் வெளியே தள்ள வேண்டும் என்கிறார்கள். கோட்டை நகர்த்தினால் ஆட்டம் மாறும் என்பதில் ஐயமில்லை: 1994-95-இல் தூரத்தை எல்லா இடத்திலும் 22 அடியாகக் குறைத்தபோது, ஓர் அணியின் முயற்சிகள் ஆட்டத்துக்கு 9.9-இலிருந்து 15.3-ஆக உயர்ந்தன, மூன்று சீசன்களுக்குப் பிறகு பழைய தூரத்துக்கே திரும்பியதும் குறைந்தன. இப்போது நடுப்பகுதியில் 23 அடி 9 அங்குலம், மூலைகளில் 22 அடி. திடலின் அகலம் 50 அடிதான் என்பதால் மூலையில் கோட்டைத் தள்ள இடமில்லை. திடலை அகலப்படுத்தாமல் கோட்டை வெளியே கொண்டுபோனால் மூலையில் மூன்று புள்ளியே இல்லாமல் போய்விடும். மிட்-ரேஞ்ச் ஷாட்டை நேசிக்கும் பலர் இதை வரவேற்கிறார்கள். அவர்கள் விளைவை யோசிக்கவில்லை என்றே நான் கருதுகிறேன். மூலையில் நிற்பவருக்கு இரண்டு புள்ளிதான் என்று ஆகிவிட்டால், அவரைக் காப்பவர் அவரை விட்டுவிட்டுப் பெயிண்ட் பகுதிக்குள் வந்து நின்றுகொள்வார். எல்போவில் நின்று எறிய வருபவருக்கு இப்போது கிடைக்கும் அந்த அரை நொடி அவகாசமும் அதோடு போய்விடும்.